கோவக்கார தக்காளி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வேற ஏதோ கேள்விக்கு பதில் எழுதுறப்ப நடுவுல ஒரு வரி விட்டுட்டேன், "ரோம்ல குடியிருந்தப்ப ராத்திரி லேட்டா வந்தா இருவது நிமிஷத்துல அராபியாட்டா சாஸ் பண்ணி பாஸ்தா சாப்ட்டு படுத்துருவோம்"னு. அவ்ளோதான் எழுதினேன். அராபியாட்டாங்கிறது தக்காளி, பூண்டு, காஞ்ச மிளகா போட்டு பண்ற காரமான இத்தாலி சாஸ். அந்த ஒத்த வரிய புடிச்சுக்கிட்டு இத்தன பேரு கேள்வி அனுப்புவீங்கன்னு நெனைக்கல. சிலர் அதுக்குள்ள எங்கயோ பாத்து செஞ்சும் பாத்துட்டு திட்டியும் எழுதிருக்கீங்க. சரி, இந்த தடவ முழுக்க அதுதான்.

அக்கா, அந்த அராபியாட்டாவ மொதல்ல அளவோட சொல்லுங்க. ஓவன் கிடையாது, ரெண்டு அடுப்பு கேஸ் ஸ்டவ்தான். எனக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும் போதும். (வாசகி, திருச்சி)

ஓவனே வேணாம்மா, ரெண்டு அடுப்பு தாராளம். ஒண்ணுல பாஸ்தாவுக்கு தண்ணி, இன்னொண்ணுல சாஸ், ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா முடியும். ரெண்டு பேருக்கு 200 கிராம் பென்னே (சாய்வா வெட்டின குழாய் மாதிரி இருக்குற பாஸ்தா), 2 லிட்டர் தண்ணி, 20 கிராம் கல்லுப்பு. சாஸுக்கு தோலுரிச்ச தக்காளி 400 கிராம் டின் ஒண்ணு, ஆலிவ் ஆயில் 4 டேபிள்ஸ்பூன், பூண்டு பெரிய பல்லுன்னா 2, நம்ம நாட்டுப்பூண்டுன்னா 5, காஞ்ச மிளகா 2ல இருந்து 4 வரைக்கும் உங்க தைரியத்த பொறுத்து, உப்பு. கடைசில தூவ பார்ஸ்லி கெடச்சா போடுங்க, கெடைக்கலன்னா விட்டுடுங்க. லிஸ்ட் முடிஞ்சுது.

மொதல்ல தண்ணிய அடுப்புல ஏத்திருங்க, அது கொதிக்கவே பத்து நிமிஷம் இழுக்கும். டின்ன ஒரு கிண்ணத்துல கொட்டி தக்காளிய கையால பிசைஞ்சு வெச்சுக்குங்க, மிக்ஸில போடாதீங்க, அடிச்சா காத்து கலந்து வெளிறிப்போய் ஆரஞ்சு கலர்ல வரும், விதையும் அரைபட்டு லேசா கசக்கும். அப்புறம் அகலமான ஒரு பேன், அதுல எண்ணெய ஊத்தி, நசுக்கின பூண்டையும் ரெண்டா கிள்ளின மிளகாயையும் போட்டுட்டு, அதுக்கப்புறம் அடுப்ப பத்த வைங்க. ஆமா, பச்ச எண்ணெலதான் போடணும். நாம எல்லாரும் தாளிச்சு தாளிச்சு பழகுன கை, எண்ணெ காஞ்சு பொக வரணும், கடுகு வெடிக்கணும், அப்பதான் சமையல்னு நமக்கு தோணும், இங்க அந்த கைய கொஞ்சம் அடக்கணும். சின்ன தீ, எண்ணெ மெல்ல சூடாகும்போதே காரமும் பூண்டு வாசமும் அதுல எறங்கிடும். பூண்ட சுத்தி குட்டி குட்டியா குமிழ் வர ஆரம்பிக்கும், ஓரம் வெளுத்த மஞ்சளா மாறும், அந்த நேரத்துல பேன அடுப்ப விட்டு ஒரு செகண்டு தூக்கிட்டு தக்காளிய ஊத்துங்க, இல்லன்னா செவுரெல்லாம் செவப்பு புள்ளி வெச்சிரும். உப்பு போட்டு தீய மிதமா கூட்டி பத்து பன்னெண்டு நிமிஷம். கரண்டிய இழுத்தா கோடு கொஞ்ச நேரம் நிக்கணும், ஓரத்துல செவப்பா எண்ணெ பிரியணும், நம்ம தக்காளி தொக்குக்கு பாப்போமே அதே அடையாளம்தான், ஆனா தொக்கு அளவுக்கு சுண்ட விட்டுறாதீங்க.

இதுக்கு நடுவுல தண்ணி கொதிச்சிருக்கும், பாஸ்தாவ போட்டிருப்பீங்க. பாக்கெட்ல போட்ட நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே எடுத்து நேரா சாஸுக்குள்ள போட்டு, அந்த கஞ்சித்தண்ணி ஒரு கரண்டி ஊத்தி, தீய கூட்டி நல்லா பெரட்டுங்க. மீதி ரெண்டு நிமிஷ வேக்காடு சாஸ்லதான்.

மேடம், நீங்க சொன்னத நம்பி நானே தேடி பண்ணேன். மூணு தடவ பண்ணிட்டேன், மூணு தடவையும் கசப்பு, வீடே இருமல், மாமியார் ஜன்னலெல்லாம் தொறந்து வெச்சாங்க. என்ன தப்பு? (வாசகி, ஈரோடு)

மாமியார் தொறந்து வெச்சது கரெக்ட்டு. எண்ணெ பொகையிற வரைக்கும் காய விட்டு மிளகாய போட்டிருப்பீங்க, கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம். மிளகா கருகினா கசக்கும், கருகின பொக தொண்டைய அரிக்கும், பூண்டு பிரவுன் ஆனா இன்னும் மோசம், அப்புறம் எவ்ளோ தக்காளி ஊத்தினாலும் அந்த கசப்பு போகாது. மிளகாயில காரத்த குடுக்குற கேப்சைசின் தண்ணில சரியா கரையாது, எண்ணெல நல்லா கரையும், அதுக்கு பெரிய சூடெல்லாம் தேவையே இல்ல, கொஞ்ச நேரம் குடுத்தா போதும்.

நானும் இந்த தப்ப பண்ணவதான். ரோம்ல நாங்க குடியிருந்த வீட்டு ஓனரம்மா, எழுவது வயசுக்கு மேல இருக்கும், ஒரு நாள் நான் சமைக்கிறப்ப கிச்சனுக்குள்ள வந்தாங்க. என் பேன்ல இருந்து சொய்ங்னு சத்தம் வருது, அவங்க ஒண்ணுமே சொல்லல, அடுப்ப அணைச்சாங்க, எண்ணெய மொத்தமா சிங்க்ல கொட்டினாங்க (ஆலிவ் ஆயிலுங்க! எனக்கு வயிறு எரிஞ்சுது), புதுசா எண்ணெ ஊத்தி பேன ஒரு பக்கமா சாய்ச்சு புடிச்சாங்க, எண்ணெ ஓரத்துல குட்டை மாதிரி தேங்கி நிக்குது, பூண்டும் மிளகாயும் அதுக்குள்ள முழுகி கெடக்குது, சத்தமே இல்ல. பூண்டு வைக்கோல் கலருக்கு வந்ததும் முள்கரண்டில குத்தி வெளிய எடுத்து வெச்சிட்டாங்க. பூண்டோட வேல முடிஞ்சுது, எண்ணெல வாசம் எறங்கிடுச்சு, அது இனிமே தேவையில்லங்கிறது அவங்க கணக்கு. எல்லாரும் எடுக்க மாட்டாங்க, எனக்கு பூண்டு கடிபடணும், நான் விட்டுடுவேன். ஆனா அந்த சாய்க்கிற வேலைய இன்னிக்கு வரைக்கும் பண்றேன்.

இன்னொண்ணு, இரும்பு சட்டில பண்ணீங்களா? தக்காளி புளிப்பு இரும்புல பட்டா ஒரு மாதிரி ரத்த வாட அடிக்கும். அலுமினியமும் வேணாம். ஸ்டீலோ நான்ஸ்டிக்கோ எடுத்துக்குங்க.

டின் தக்காளி எங்க ஊர்ல கெடைக்காது, கெடச்சாலும் வெலைய பாத்தா வாங்க மனசு வரல. சந்தைல வாங்குற தக்காளில ஆகாதா? நாட்டுத்தக்காளியா, பெங்களூர் தக்காளியா? (வாசகர், கோவில்பட்டி)

ஆகும், நல்லாவே ஆகும். ஆனா அங்க ஏன் டின்ன தேடுறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா உங்களுக்கு எத வாங்குறதுன்னு தானா புரிஞ்சிடும். நேப்பிள்ஸ் பக்கத்துல வெசூவியஸ் எரிமல இருக்குல்ல, அத ஒட்டின சமவெளில சான் மர்சானோன்னு ஒரு ரகம் வெளையுது, நீளமா, நுனி கூரா, சதப்பத்து ஜாஸ்தி, விதையும் தண்ணியும் கம்மி. குறிப்பிட்ட அந்த பகுதில வெளஞ்சதுக்கு மட்டும்தான் அந்த பேர போடலாம்னு 1996ல இருந்து ஐரோப்பாவுல சட்டப்பாதுகாப்பே இருக்கு, நம்ம புவிசார் குறியீடு மாதிரி. கோடைல நல்லா பழுத்தத பறிச்சு தோலுரிச்சு அடைச்சு வெச்சிருவாங்க, வருஷம் பூரா அதுதான். குளிர்காலத்து வெளிறின தக்காளிய விட டின்னு எவ்ளவோ மேலுன்னு அந்த ஊரு வீடுகள்லயே சொல்லுவாங்க, டின்னு தொறக்குறத அங்க யாரும் சோம்பேறித்தனமா பாக்குறதில்ல.

இப்ப நம்ம சந்தைக்கு வாங்க. நாட்டுத்தக்காளி ரசத்துக்கு ராஜா, ஆனா தண்ணியும் புளிப்பும் ஜாஸ்தி, இதுல மட்டும் பண்ணா சாஸ் சுண்ட நேரமாகும், பல்லு கூசும். பெங்களூர் தக்காளி, அதான் முட்ட வடிவத்துல கெட்டித்தோலா வருதே ஹைப்ரிட், அதுல சத நெறைய, ஆனா பாதிப்பேரு காயா பறிச்சு லாரில பழுக்க விடுறதால சப்புன்னு இருக்கும். நான் பண்றது என்னன்னா ஹைப்ரிட்ட 500 கிராம் வாங்கி ரெண்டு மூணு நாள் ஃப்ரிட்ஜ்ல வெக்காம வெளிய வெச்சு நல்லா செவக்க விடுவேன், அதுகூட நாட்டுத்தக்காளி ரெண்டு. தோலுரிக்க கொதிக்கிற தண்ணி, பச்சத்தண்ணி, அந்த கூத்தெல்லாம் வேணாம்னா தக்காளிய குறுக்க ரெண்டா வெட்டி, வெட்டின பக்கத்த கேரட் துருவுற பெரிய கண்ணு துருவில வெச்சு தேய்ங்க. கூழ் மொத்தமும் கீழ எறங்கும், கடைசில தோலு மட்டும் உள்ளங்கைல தட்டையா ஒட்டிக்கிட்டு நிக்கும், விரலும் தப்பிச்சிடும். நாலு நிமிஷ வேல. வேக வெக்காத தக்காளிங்கிறதால கொதிக்க விடுற நேரத்த அஞ்சாறு நிமிஷம் கூட்டிக்குங்க. ருசி பாத்துட்டு புளிப்பு தூக்கலா இருந்தா சக்கர ஒரு சிட்டிக, அதுக்கு மேல போனா ஜாம் ஆயிடும்.

பாட்டில் தக்காளி சாஸையே ஊத்தி மிளகாத்தூள் போட்டா ஆகாதா? (கல்லூரி மாணவர், சென்னை)

தம்பி, அது கெட்சப். சக்கரையும் வினிகரும் சேத்தது, சமோசாவுக்கு வெச்சுக்கோ. ஹாஸ்டல்னா கெட்டியா வர்ற தக்காளி பேஸ்ட் பாக்கெட் வாங்கி தண்ணில கரைச்சு பண்ணு, சுமாரா இருக்கும், ஆனா சாஸா இருக்கும்.

வெங்காயம் வதக்காம ஒரு சாஸா? மனசே கேக்க மாட்டேங்குது. கொஞ்சம் கரம் மசாலாவும் போட்டா தூக்கலா இருக்குமே. (வாசகி, சேலம்)

உங்க வீடு, உங்க அடுப்பு, நான் போலீஸ் இல்ல. ஆனா வெங்காயம் வதங்கினா இனிப்பு வரும், இனிப்பு வந்தா காரம் அடங்கிரும், இந்த சாஸே காரம் முன்னாடி வந்து நிக்கணும்னு பண்றது. கரம் மசாலா போட்டா வர்றது நல்ல குருமா. கல்யாண கேட்டரிங்ல ரெட் சாஸ் பாஸ்தான்னு குடமிளகா, க்ரீம், ஸ்வீட் கார்ன் எல்லாம் போட்டு தர்றாங்க, அது தப்புன்னு சொல்ல மாட்டேன், எனக்கும் புடிக்கும், ஆனா அது வேற. பீட்ஸாவோட வர்ற ஆரிகனோ பாக்கெட்ட சேத்து வெச்சிருப்பீங்க, அதையும் இதுல கொட்ட வேணாம். ஒரே ஒரு தடவ ஒண்ணுமே சேக்காம பண்ணி பாருங்க, பிறகு பேசலாம்.

அராபியாட்டான்னா அரபு நாட்டு சமையலா? பேருக்கு என்ன அர்த்தம்? (வாசகர், மதுரை)

அரபுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க. இது ரோம் நகரமும் அத சுத்தின லாட்சியோ மாகாணமும் சேந்த சரக்கு. இத்தாலி மொழில ராப்பியான்னா கோவம், அராபியாட்டான்னா கோவம் வந்தவ. சாப்ட்டா மூஞ்சி செவந்து கோவம் வந்த மாதிரி ஆகும்னு பேரு. இதுல இன்னொரு வேடிக்க என்னன்னா அதே ராப்பியாங்கிற சொல்லுதான் அங்க நாய்க்கு வர்ற வெறிநோய்க்கும் பேரு. நாமளும் வெறின்னா ஆவேசத்தையும் சொல்றோம், வெறிநாயையும் சொல்றோம், பாருங்க ரெண்டு ஊர்லயும் யோசன ஒரே மாதிரி போயிருக்கு.

இத்தாலிக்காரங்க, அதுலயும் வடக்க இருக்குறவங்க, காரத்துக்கு அவ்ளோ பழக்கப்பட்டவங்க இல்ல. தெக்க கலாப்ரியா பக்கம் போனாதான் மிளகா ராஜ்யம், அங்க வீட்டு வாசல்ல மிளகாய சரம் கோத்து தொங்க விட்டிருப்பாங்க. அதனால ரோம்ல கோவக்காரின்னு பேரு வெச்சத நம்ம ஆளு சாப்ட்டுட்டு "எங்கங்க கோவம்?"னு கேக்குறதுல ஆச்சரியம் இல்ல. நம்ம குண்டு மிளகா ரெண்டு போட்டா அவங்களுக்கு கண்ணுல தண்ணி வந்துரும். காஷ்மீரி மிளகா போட்டீங்கன்னா கலர் மட்டும்தான் வரும்.

தக்காளி, மிளகா ரெண்டுமே அமெரிக்க கண்டத்துல இருந்து கப்பலேறி வந்ததுதான், நமக்கும் சரி அவங்களுக்கும் சரி. 1690கள்ல நேப்பிள்ஸ்ல ஒரு பெரிய மனுஷர் வீட்டு சமையல் நிர்வாகியா இருந்த அந்தோனியோ லத்தீனி ஒரு தக்காளி சாஸ் எழுதி வெச்சிருக்காரு: தக்காளிய தணல்ல சுட்டு, கருகின தோல உரிச்சு, பொடியா நறுக்கி, வெங்காயம், மிளகா, கொஞ்சம் தைம் எல தூவி, உப்பு, எண்ணெ, வினிகர் விட்டு கலக்கணும். தைமையும் வினிகரையும் எடுத்துட்டா நம்ம வீட்டு சுட்ட தக்காளி சட்னிதான! அத அவரு ஸ்பானிஷ் முறன்னு சொல்றாரு, பாஸ்தாவோட சேக்கவும் இல்ல. தக்காளியும் பாஸ்தாவும் ஜோடி சேந்தது அதுக்கு ரொம்ப பின்னாடி.

பென்னேங்கிற பேரும் நமக்கு தெரிஞ்சதுதான். எறகுன்னு அர்த்தம், எறகு பேனாவோட நுனி மாதிரி சாய்வா வெட்டியிருக்குறதால. நாம சொல்ற பேனா போர்ச்சுகீசியர் கிட்ட இருந்து வந்த அதே எறகுதான். வரி போட்டிருக்குற பென்னேவா பாத்து வாங்குங்க, அந்த வரிலதான் சாஸ் நிக்கும்.

பாஸ்தா தனியா சாஸ் தனியா நிக்குது, தட்டுல கீழ தண்ணியா ஓடுது. வெந்ததும் பச்சத்தண்ணில அலசி எண்ணெ தடவி வெப்பேன், ஒட்டாம இருக்கணும்னு. (வாசகி, புதுச்சேரி)

அந்த அலசுறதுதான் வில்லன். பாஸ்தா மேல இருக்குற மாவுச்சத்து பசைய கழுவி விட்டுட்டு, அது மேல எண்ணெயும் தடவினா சாஸ் எத புடிச்சிக்கிட்டு நிக்கும், சொல்லுங்க. அலசாதீங்க, எண்ணெ தடவாதீங்க, வடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் கஞ்சித்தண்ணி எடுத்து வெச்சுக்குங்க. அந்த கஞ்சியும் சாஸ்ல இருக்குற எண்ணெயும் சேந்து பெரட்டுற வேகத்துல ஒண்ணாகி பளபளன்னு வரும், பாஸ்தாவ கவ்விக்கும். பாக்கெட்ல டியூரம் கோதுமன்னு போட்டிருக்கான்னு பாருங்க, மைதால பண்ணது குழைஞ்சிரும்.

நாங்க சுத்த சைவம். மேல தூவுற சீஸ்ல என்னமோ இருக்குன்னு என் பொண்ணு சொல்றா, நெஜமா? (வாசகி, கும்பகோணம்)

பொண்ணு சொன்னது நெஜம்தாங்க. ரோம்ல இதுக்கு மேல துருவுறது பெக்கொரினோ ரொமானோ, ஆட்டுப்பால் சீஸ், அதாவது செம்மறியாட்டுப் பால். அந்த பால திரிக்க ஆட்டுக்குட்டியோட வயித்துல இருந்து எடுக்குற ரென்னெட்னு ஒண்ண சேப்பாங்க. பார்மஜானோ ரெஜ்ஜானோவுக்கு கன்னுக்குட்டியோடது. ரெண்டும் சைவம் இல்ல. நம்ம ஊர் சீஸ் பாக்கெட்ல பச்சப்புள்ளி இருந்தா அது நுண்ணுயிர் ரென்னெட், பயமில்லாம வாங்கலாம். இல்லையா, சீஸே வேணாம், இந்த சாஸுக்கு அது கட்டாயமே கெடையாது. நான் பாதி நாள் வெறும் ரொட்டித்தூள ஆலிவ் ஆயில்ல மொறுமொறுன்னு வறுத்து மேல தூவிருவேன், அது தெக்கத்தி இத்தாலி ஏழை வீட்டு வழக்கம், சீஸ் வாங்க முடியாதவங்க பண்ணது, எனக்கு சீஸ விட அதுதான் புடிக்கும்.

சிக்கன் போடலாமா? (வாசகர், நாமக்கல்)

நாமக்கல்ல இருந்து இந்த கேள்வி வரலன்னாதான் ஆச்சரியம். போட்டுக்குங்க, ஆனா இத்தாலில பாஸ்தாவுல கோழிய பாக்குறது அபூர்வம். அவங்க கறி போடணும்னா பன்னிக் கன்னத்துல பண்ற குவான்சாலேவ வதக்கி தக்காளி, பெக்கொரினோ சேத்து பண்ணுவாங்க, அதுக்கு அமாத்ரிச்சானான்னு பேரு, ரோமுக்கு வடகெழக்க அமாத்ரிச்சேன்னு ஒரு சின்ன மல ஊரு, அதோட பேரு. 2016 ஆகஸ்ட் நெலநடுக்கத்துல அந்த ஊரு தரமட்டமாச்சு, அப்ப பல ஓட்டல்கள் இந்த பாஸ்தா வித்த காச ஊருக்கு அனுப்பினாங்க.

ஆறு வயசு பையன் இருக்கான், காரம் ஆகாது. ஒரே சாஸ ரெண்டு தடவ பண்ண எனக்கு நேரமில்ல அக்கா. (வேலைக்கு போற அம்மா, திருப்பூர்)

பூண்டு எண்ணெல தக்காளிய ஊத்தி மிளகா இல்லாமலே பண்ணிடுங்க. பக்கத்துல தாளிப்பு கரண்டில ரெண்டு ஸ்பூன் எண்ணெ, கிள்ளின மிளகா, சிம்ல மூணு நிமிஷம். பையனுக்கு எடுத்து வெச்சிட்டு மீதில இந்த எண்ணெய கலந்துக்குங்க. மிளகா கிள்ளின கைய மொதல்ல எண்ணெ தடவி தொடச்சுட்டு அப்புறம் சோப்பு போட்டு கழுவுங்க, பையன் மூஞ்சிய தொடுறதுக்கு முன்னாடி.

தக்காளி மலிவா இருக்குறப்ப மொத்தமா பண்ணி, ஊறுகா மாதிரி மேல எண்ணெ நிக்க விட்டு பாட்டில்ல வெச்சுக்கலாமா? மாசக்கணக்குல வருமா? (வாசகி, திண்டுக்கல்)

தயவு செஞ்சு வெளிய வெக்காதீங்க. நம்ம ஊறுகாயில உப்பும் புளிப்பும் அள்ளி போட்டு காவலுக்கு நிக்குது, இதுல உப்பு பேருக்குதான் இருக்கு. எண்ணெக்குள்ள முழுகின பூண்டுல காத்தே இல்லாத எடத்துல வளர்ற ஒரு பாக்டீரியா விஷத்த உண்டாக்கும், பாட்டுலிசம்னு சொல்லுவாங்க, உயிருக்கே ஆபத்து, மோந்து பாத்தோ நக்கி பாத்தோ கண்டுபிடிக்க முடியாது. ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வெச்சா மூணு நாலு நாள், ஃப்ரீசர்ல சின்ன சின்ன டப்பாவா வெச்சா மூணு மாசம் வரைக்கும் ருசி மாறாது. தனியா மிளகா பூண்டு எண்ணெ பண்ணி வெக்கிறவங்களுக்கும் இதேதான், அதையும் ஃப்ரிட்ஜ்ல வெச்சு சீக்கிரம் தீத்துருங்க. டின்னு உப்பிப்போய் இருந்தா தொறக்கவே வேணாம், அப்படியே குப்பைக்கு.

ராத்திரி மீந்த சாஸ் ஒரு கரண்டி ரெண்டு கரண்டி இருக்கு, அதுக்குன்னு மறுபடி பாஸ்தா வேக வெக்கணுமா? (வாசகர், நாகர்கோவில்)

வேணாம். நேப்பிள்ஸ்ல அதுல முட்டைய ஒடச்சு ஊத்துவாங்க, பேரு என்ன தெரியுமா, உவோவா இன் புர்கத்தோரியோ, உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்குற முட்டைங்க! உங்க ஊர் பக்கம் அர்த்தம் சொல்லத் தேவையில்ல, மத்தவங்களுக்கு சொல்றேன், செத்தவங்க ஆன்மா மோட்சம் போறதுக்கு முன்னாடி பாவம் தீர தவிக்கிற எடம்னு கத்தோலிக்கர்கள் சொல்றது. கொதிக்கிற செவப்பு சாஸ்ல வெள்ளையா தவிக்கிறதுக்கு அந்த பேரு. சின்ன பேன்ல சாஸ சூடு பண்ணி, கெட்டியா இருந்தா ரெண்டு ஸ்பூன் தண்ணி விட்டு, கரண்டியால ரெண்டு குழி பண்ணி முட்டைய ஒடச்சு ஊத்துங்க, மூடி போட்டு சிம்ல நாலு நிமிஷம். வெள்ளக்கரு கெட்டியாகி மஞ்சக்கரு இன்னும் தளும்பிக்கிட்டு இருக்கறப்பவே அடுப்ப அணைச்சிருங்க, பேன்ல இருக்குற சூட்டுலயே மேக்கொண்டு வேகும். தொட்டுக்க பேக்கரி பன்னு வேணாம், அது இனிப்பா இருக்கும், மொறுமொறுன்னு சுட்ட பிரெட்டோ, நேத்து மிஞ்சின சப்பாத்தியோ போதும்.